'ஸ்டெமி இல்லை' என்றால் அடைப்பு இல்லையா? இசிஜியைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் ஒரு எமர்ஜென்சி டாக்டரும், அவரிடம் பாடம் கற்ற ஏஐ-யும்

நெஞ்சுவலியோடு ஒருவர் எமர்ஜென்சி வார்டுக்குள் நுழைந்தால் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். உலகம் முழுக்க மருத்துவமனைகள் பின்பற்ற வேண்டிய விதி இது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் ஒற்றை வார்த்தைதான் அடுத்த சில மணி நேரங்களைத் தீர்மானிக்கிறது.

'ஸ்டெமி' என்று சொன்னால் எல்லாமே வேகமாக நடக்கும். இதய நிபுணருக்கு போன் போகும், கேத் லேப் தயாராகும், 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்று கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 'ஸ்டெமி இல்லை' என்று சொன்னால் ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஊசி, கண்காணிப்பு. ஆஞ்சியோகிராம் பெரும்பாலும் அடுத்த நாள்தான்.

பிரச்சினை என்னவென்றால், அந்த இரண்டாவது வரிசையில் நிற்பவர்களிலும் பலருக்கு ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டிருக்கிறது. 2017-ல் 'ஐரோப்பியன் ஹார்ட் ஜர்னல்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 7 ஆய்வுகளில் இருந்த 40,777 நோயாளிகளின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. எல்லோருமே 'ஸ்டெமி அல்லாத மாரடைப்பு' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். அவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சம்பந்தப்பட்ட ரத்தக்குழாய் முழுமையாக அடைபட்டிருந்தது. அடைப்பு இல்லாதவர்களைவிட இவர்களுக்கு உயிரிழப்பு ஆபத்தும் அதிகமாக இருந்தது.

இவர்களை முதல் இசிஜியிலேயே கண்டுபிடிக்க முடியாதா? முடியும் என்று பல வருடங்களாக வகுப்பெடுத்து வருகிறார் ஓர் எமர்ஜென்சி டாக்டர். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஹென்னபின் கவுன்ட்டி மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டீபன் ஸ்மித். அவரும் அவருடைய சகாக்களும் சேர்த்துவைத்த பாடங்கள் இப்போது ஒரு ஏஐ மென்பொருளாக மாறியிருக்கின்றன. இது எப்படி நடந்தது, இதை எவ்வளவு நம்பலாம், நமக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஸ்டெமி என்றால் என்ன?

நம் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள்தான் கரோனரி ரத்தக்குழாய்கள். அதில் ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாக ஆரம்பிக்கும். எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ, அவ்வளவு தசை பிழைக்கும்.

இசிஜி தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் வளைவுகள் வரும். அதில் 'எஸ்டி' என்று ஒரு பகுதி உண்டு. இயல்பாக அது அடிக்கோட்டை ஒட்டியே இருக்கும். அது மேலே எழும்பியிருந்தால் 'எஸ்டி எலிவேஷன்'. அந்த அறிகுறியோடு வரும் மாரடைப்புதான் ஸ்டெமி.

எவ்வளவு எழும்பினால் ஸ்டெமி? அதற்கும் மில்லிமீட்டர் கணக்கு இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு லீட்களில் குறைந்தது 1 மி.மீ. இருக்க வேண்டும். வி2, வி3 என்ற இரண்டு லீட்களில் மட்டும் அளவு வேறு: 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2 மி.மீ., 40-க்குக் கீழே உள்ள ஆண்களுக்கு 2.5 மி.மீ., பெண்களுக்கு 1.5 மி.மீ.

சிம்பிளா சொன்னால், இது ஒரு பாஸ் மார்க். 35 எடுத்தால் பாஸ், 34 எடுத்தால் ஃபெயில் மாதிரி. ஆனால் ரத்தக்குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் ரத்தக்கட்டிக்கு நம்ம பாஸ் மார்க் தெரியாதே!

அந்தக் கோட்டை யார் போட்டது?

யாரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டது இல்லை. 1980-ல் டிவுட் என்ற மருத்துவரின் குழு, மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்திலேயே நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தது. 4 மணி நேரத்துக்குள் பரிசோதிக்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுசாக அடைபட்டிருந்தது. 'மாரடைப்புக்குக் காரணம் அடைப்பு, அதைத் திறந்தால் காப்பாற்றலாம்' என்ற எண்ணம் இதன் பிறகுதான் வலுவானது.

அடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகள் வந்தன. 1986-ல் இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடந்த 'ஜிஸ்ஸி' ஆய்வு, அந்த மருந்து உயிரைக் காக்கிறது என்று காட்டியது. 1994-ல் 9 பெரிய ஆய்வுகளைச் சேர்த்து, 58,600 பேரின் தகவல்களை அலசினார்கள். எஸ்டி எலிவேஷன் இருந்தவர்களுக்கு மருந்தால் தெளிவான பலன் கிடைத்தது. எஸ்டி கீழே இறங்கியிருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

இந்த மருந்து சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும் ஆபத்து உள்ளது. அதனால் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்று ஒரு கோடு தேவைப்பட்டது. எஸ்டி எலிவேஷன் அந்தக் கோடானது. அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

ஆனால் காலப்போக்கில் ஒரு குழப்பம் நடந்தது. அந்த ஆய்வுகள் 'கூட்டமாகப் பார்த்தால் யாருக்கு மருந்து பலன் தருகிறது' என்று மட்டும்தான் சொன்னன. 'எஸ்டி எழும்பாவிட்டால் அடைப்பே இல்லை' என்று அவை சொல்லவில்லை. நடைமுறையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அடைப்புக்கான ஓர் அறிகுறி, அடைப்புக்கே பெயராக மாறிவிட்டது.

தப்பு நடந்தாலும் கணக்கில் வராது

ஒரு நோயாளியின் இசிஜி பாஸ் மார்க்கைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்டெமி இல்லை' என்று எழுதுகிறார்கள். ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறுகிறது, எனவே 'ஸ்டெமி அல்லாத மாரடைப்பு' என்கிறார்கள். மறுநாள் ஆஞ்சியோகிராம் எடுத்தால் குழாய் 100 சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆனால் அதற்குள் இதயத் தசையின் ஒரு பகுதி போய்விட்டது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன இருக்கும்? 'ஸ்டெமி அல்லாத மாரடைப்பு' என்றுதான் இருக்கும். ஏனென்றால் அந்தப் பெயர் இசிஜியை வைத்துக் கொடுக்கப்படுகிறது, ஆஞ்சியோகிராமில் பார்த்ததை வைத்து அல்ல. மருத்துவமனையின் ரெக்கார்டுபடி ஒரு தவறும் நடக்கவில்லை. '90 நிமிடத்துக்குள் திறந்தோமா' என்ற கணக்கில் இந்த நோயாளி வரவே மாட்டார். அந்தக் கணக்கு ஸ்டெமி நோயாளிகளுக்கு மட்டும்தானே!

இந்த வாதத்தின் மையமே இதுதான். ஒரு பரிசோதனை எதைத் தவறவிடுகிறது என்று தெரிய, அதற்கு வெளியே ஓர் உண்மை வேண்டும். பரிசோதனையின் பெயரையே நோயின் பெயராக வைத்துவிட்டால், அது ஒருபோதும் தோற்காது. நோயாளிதான் தோற்பார்.

ட்ரோபோனின் காட்டிக்கொடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அது தசை சேதமானதைச் சொல்லும். இந்த நிமிடம் குழாய் மூடியிருக்கிறதா என்று சொல்லாது. தவிர, அது ஏறுவதற்கே நேரம் பிடிக்கும். வீடு எரிந்த பிறகு சாம்பலை அளக்கிற மாதிரி.

ஸ்மித் என்ன சொல்லிக்கொடுத்தார்?

2002-ல் மாரடைப்பில் இசிஜியை வாசிப்பது பற்றி ஒரு பாடநூல் எழுதினார் ஸ்மித். 2008 முதல் இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறார். முறை எளிது. ஓர் உண்மையான நோயாளியின் இசிஜி. இதில் என்ன தெரிகிறது என்ற கேள்வி. பிறகு அந்த நோயாளிக்கு ஆஞ்சியோகிராமில் என்ன கண்டுபிடிக்கப்பட்டது என்ற விடை. இப்படி ஏராளமான கேஸ்கள்.

எமர்ஜென்சி டாக்டருக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர் பார்த்த நோயாளி மேலே வார்டுக்குப் போய்விடுவார். நாம் சொன்னது சரியா தப்பா என்று பெரும்பாலும் தெரியாமலே அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும். விடைத்தாள் திரும்பி வராத தேர்வு அது. ஸ்மித்தின் பாடம் அந்த விடைத்தாளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறது.

அவர் வலியுறுத்தும் முக்கியமான விஷயம், விகிதம். ஓர் உதாரணம்: விலை 5 ரூபாய் ஏறியது பெரிதா, சிறிதா? 10 ரூபாய் டீக்கு ஏறினால் பெரிது. 300 ரூபாய் பிரியாணிக்கு ஏறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இசிஜியும் அப்படித்தான். வளைவு முழுக்கவே சின்னதாக இருக்கும் ஒருவருக்கு அரை மி.மீ. எழும்பியிருப்பது பெரிய சேதி. வளைவு பிரம்மாண்டமாக இருக்கும் ஒருவருக்கு 3 மி.மீ. கூட இயல்பாக இருக்கலாம்.

இந்த யோசனை ஆய்வாகவும் வந்தது. இதயத்தின் இடதுபக்க மின்கடத்தல் தடைபட்டிருப்பவர்களுக்கு இசிஜி எப்போதுமே கோணலாகத்தான் இருக்கும். அதில் மாரடைப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1996-ல் வந்த 'ஸ்கார்போசா' விதியில் 5 மி.மீ. என்று ஒரு நிலையான அளவு இருந்தது. 2012-ல் ஸ்மித்தின் குழு அதை எடுத்துவிட்டு, 'எழும்பிய எஸ்டி, அதற்கு முன்னே உள்ள பள்ளத்தின் ஆழத்தில் 25 சதவீதமாவது இருக்கிறதா' என்று விகிதத்தை வைத்தது.

எஸ்டி எழும்பாமலே முழு அடைப்பைக் காட்டும் வேறு அடையாளங்களும் உண்டு. 2008-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் விவரித்த 'டி விண்டர்' வடிவம் அதில் ஒன்று. இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாய் அடைபட்டிருக்கும். ஆனால் எஸ்டி மேலே போகாமல் கீழே இறங்கி, 'டி' அலை மட்டும் உயரமாகக் கூம்பி நிற்கும். இதயத்தின் பின்பக்க மாரடைப்பிலும் முன்பக்க லீட்களில் எஸ்டி இறங்கித்தான் தெரியும்.

2018-ல் பென்டெல் மேயர்ஸ், ஸ்காட் வெயிங்கார்ட் ஆகியோரோடு சேர்ந்து ஸ்மித் பெயரையே மாற்றச் சொன்னார். 'ஸ்டெமி, ஸ்டெமி அல்லாதது' என்ற பிரிவினைக்குப் பதில் 'அடைப்புள்ள மாரடைப்பு, அடைப்பில்லாத மாரடைப்பு' என்று பிரிப்போம் என்றார்கள். சுருக்கமாக 'ஓஎம்ஐ'. கேள்வி 'எத்தனை மில்லிமீட்டர்?' என்பதில் இருந்து 'குழாய் மூடியிருக்கிறதா?' என்று மாறுகிறது.

இவர்கள் மட்டும் சொல்லவில்லை. துருக்கியில் 2020-ல் வெளியான 'டிஃபோகல்ட்' ஆய்வில், ஸ்டெமி அல்லாதவர்கள் என்று வகைப்படுத்தப்பட்ட 1,000 பேரின் இசிஜிகளைத் திரும்ப வாசித்தார்கள். 28.2 சதவீதம் பேரின் இசிஜியில் அடைப்புக்கான அடையாளம் இருந்தது. 2022-ல் அமெரிக்க இதயவியல் கல்லூரி, டி விண்டர், பின்பக்க மாரடைப்பு, மாற்றப்பட்ட ஸ்கார்போசா விதி போன்றவற்றை 'ஸ்டெமிக்குச் சமமானவை' என்று தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. பெயரை மாற்றவில்லை, ஆனால் கதவு கொஞ்சம் திறந்தது.

ஏஐ எங்கே வருகிறது?

இப்படி வாசிப்பது பழகவே பல வருடமாகும். ராத்திரி 3 மணிக்கு ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டரிடம் அந்த அனுபவத்தை எதிர்பார்க்க முடியாது. அந்தக் கண்ணை மெஷினுக்குக் கொடுத்தால்?

ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த 'பவர்ஃபுல் மெடிக்கல்' நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்மித்தும் மேயர்ஸும் உருவாக்கியதுதான் 'குயின் ஆஃப் ஹார்ட்ஸ்'. காகித இசிஜியை ஸ்மார்ட்போனில் போட்டோ எடுத்தால் போதும்; அடைப்புள்ள மாரடைப்புக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று சொல்லும்.

10,543 நோயாளிகளின் 18,616 இசிஜிகளைக் கொண்டு இதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு, அது பார்க்காத 2,222 நோயாளிகளின் 3,254 இசிஜிகளில் சோதித்தார்கள். ரிசல்ட் இதோ:

அடைப்பு உள்ளவர்களில் ஸ்டெமி விதி கண்டுபிடித்தது 32.5 சதவீதம். இசிஜி நிபுணர்கள் 73 சதவீதம். ஏஐ 80.6 சதவீதம்.

அடைப்பு இல்லாதவர்களைச் சரியாக 'இல்லை' என்று சொன்னது: ஸ்டெமி விதி 97.7, நிபுணர்கள் 95.7, ஏஐ 93.7 சதவீதம்.

இதை மனிதர்களாக மாற்றிப் பார்ப்போம். நெஞ்சுவலியோடு வரும் 1,000 பேரில் 200 பேருக்கு அடைப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஸ்டெமி விதி அதில் 65 பேரைப் பிடிக்கும், 135 பேரை விட்டுவிடும். சுமார் 18 பேருக்குப் பொய் அலாரம் அடிக்கும். ஏஐ 161 பேரைப் பிடிக்கும், 39 பேரை விட்டுவிடும். ஆனால் சுமார் 50 பேருக்குப் பொய் அலாரம். ஆக, 96 பேர் கூடுதலாகப் பிடிபடுகிறார்கள். அதற்கான விலை, 32 பொய் அலாரங்கள். இந்த டீல் நல்லதா இல்லையா என்பது பொய் அலாரம் அடித்தால் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே நம்பிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, மென்பொருளை உருவாக்கியவர்களே அந்த ஆய்வையும் எழுதியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தோடு தங்களுக்குப் பணத் தொடர்பு இருப்பதை ஸ்மித்தும் மேயர்ஸும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். மறைக்காதது நல்ல விஷயம். ஆனால் சம்பந்தமில்லாத குழுக்கள் சோதித்துச் சொல்வதற்குத் தனி எடை உண்டு.

இரண்டு, அடைப்பு என்பதை எப்படி வரையறுக்கிறார்கள் என்பது. ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது முழுசாக மூடியிருந்த குழாய்கள் மட்டும் இல்லை. ஓட்டம் மந்தமாக இருந்தவையும், அதற்குள் திறந்துகொண்டாலும் ட்ரோபோனின் மிக அதிகமாக ஏறியவையும் ஓஎம்ஐ கணக்கில் வருகின்றன. ரத்தக்கட்டி அடைப்பதும் தானாக விலகுவதும் நடக்கும் என்பதால் இதற்குக் காரணம் உண்டு. ஆனாலும் விடைத்தாளை யார், எப்படித் தயாரித்தார்கள் என்பது மார்க்கைப் பாதிக்கும்.

மூன்று, 'சரியாகக் கண்டுபிடிக்கிறது' என்பதும் 'உயிரைக் காப்பாற்றுகிறது' என்பதும் வேறு வேறு. 2025-ல் அமெரிக்காவின் 3 மையங்களில் 1,032 நோயாளிகளின் ரெக்கார்டுகளைப் பார்த்த ஆய்வில், உறுதியான 601 கேஸ்களில் 553-ஐ முதல் இசிஜியிலேயே ஏஐ பிடித்தது. வழக்கமான முறை பிடித்தது 427. பொய் அலாரமும் 41.8 சதவீதத்தில் இருந்து 7.9 ஆகக் குறைந்தது. அசத்தலான எண்கள்தான். ஆனால் இது நடந்து முடிந்த கேஸ்களைத் திரும்பப் பார்த்த ஆய்வு. அதே வருடம் அமெரிக்காவின் எஃப்டிஏ இதற்கு 'பிரேக்த்ரூ டிவைஸ்' அந்தஸ்து கொடுத்தது. அது பரிசீலனையை வேகப்படுத்தும் சலுகை, அனுமதிச் சான்று அல்ல.

நான்கு, ஏஐ சொல்லிவிட்டது என்று டாக்டர் கண்ணை மூடிக்கொண்டால்? ஏஐ 100-ல் கிட்டத்தட்ட 20 பேரைத் தவறவிடுகிறது. அது 'ஓகே' என்று சொன்ன பிறகும் வலியால் வியர்த்துக்கொண்டிருக்கும் நோயாளியை அந்த டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஏஐ வந்தால் பாடம் நடத்துவது தேவையில்லாமல் போகாது. இன்னும் அதிகமாகவே தேவைப்படும்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஏனென்றால் ஸ்டெமி என்ற கோட்டை வைத்து ஒரு முழு அமைப்பையே கட்டிக்காட்டிய மாநிலம் தமிழ்நாடு. கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை மையமாக வைத்து, சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகளை அதோடு இணைத்தார்கள். சின்ன மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனை, அங்கே ஆஞ்சியோகிராம். 2017-ல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வெளியான இந்த ஆய்வில் 2,420 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6-ல் இருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

இது பெரிய சாதனை. ஸ்டெமி விதி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் ஆதாரம் தேவையில்லை. அதே நேரம், இந்த வேக வரிசையில் ஏற டிக்கெட் ஸ்டெமிதான். பாஸ் மார்க்கைத் தொடாத இசிஜியோடு தாலுகா மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குக் குழாய் அடைபட்டிருந்தாலும், அந்த வரிசையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அப்போ ஏஐ-யை இங்கேயும் கொண்டுவந்துவிடலாமா? ஞாபகம் வைக்கச் சொன்னோமே, பொய் அலாரம்! மினியாபொலிஸில் பொய் அலாரம் அடித்தால் கேத் லேப் டீம் தூக்கத்தில் இருந்து எழுந்து வரும், ஒரு ஆஞ்சியோகிராம் எடுக்கும், 'அடைப்பு இல்லை' என்று சொல்லும். கேத் லேப் இல்லாத ஊரில் அடுத்த கட்டம் ஊசி. மூளை ரத்தக்கசிவு ஆபத்துள்ள அதே ஊசி. எஸ்டி எழும்பாத அடைப்புகளுக்கு அந்த ஊசி பலன் தரும் என்று நிரூபணமும் இல்லை. 1994 அலசல், எஸ்டி இறங்கியவர்களிடம் பலனைக் காட்டவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

எனவே இங்கே ஏஐ-க்குப் பொருத்தமான முதல் வேலை, 'ஊசி போடு' என்று சொல்வது அல்ல. 'இந்த இசிஜியை இதய நிபுணருக்கு இப்போதே அனுப்பு, இவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தயாராகு' என்று சொல்வது. அதற்கு ஆப் மட்டும் போதாது. மறுமுனையில் போனை எடுக்க ஆள் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், கேத் லேபில் இடம் வேண்டும். தவிர, இந்தியாவில் எமர்ஜென்சி மெடிசின் என்ற தனி எம்.டி. படிப்பே 2009-ல்தான் அங்கீகாரம் பெற்றது. அந்தத் துறையில் வரும் இளம் டாக்டர்களுக்குப் பார்த்த நோயாளியின் ஆஞ்சியோகிராம் முடிவைத் திருப்பிச் சொல்லும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. ஆஞ்சியோகிராமில் முழு அடைப்பு என்று தெரிந்த 'ஸ்டெமி அல்லாத' கேஸ்களைத் தனியாக எண்ண ஆரம்பித்தாலே, பிரச்சினை எவ்வளவு பெரியது என்பது தெரிந்துவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நெஞ்சில் அழுத்தம், வலி. கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் 'கேஸ் ட்ரபுளா இருக்கும்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108.

முதல் இசிஜி நார்மல் என்று சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால், 'இன்னொரு இசிஜி எடுத்துப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். இது டாக்டரைச் சந்தேகப்படுவது இல்லை. அடைப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால் திரும்பத் திரும்ப இசிஜி எடுப்பது வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை என்றால், ஸ்டெமி இல்லாவிட்டாலும் 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

இன்னொன்று, செலவே இல்லாதது. அப்பா அம்மாவுக்கோ உங்களுக்கோ மாஸ்டர் செக்கப்பில் எடுத்த பழைய இசிஜி பீரோவில் எங்காவது கிடக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த வளைவு இவருக்கு எப்போதுமே இப்படித்தானா, இல்லை இன்றைக்குப் புதிதா?' என்ற கேள்விக்கு எமர்ஜென்சி டாக்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு தாள் இருந்தால், அது பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.